படத்துல ஆளை வெட்டமாட்டாரு

முதல்முதலா நான் அவரைப் பாத்தப்ப, அவரு ஒரு மனுசன் தலையை மேசைமேல அமுக்கி வச்சுக்கிட்டு, அவன் கழுத்துல பென்சிலால கோடு போட்டுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துலயே ரம்பம் கிடந்துச்சு.

"இங்கன வெட்டவா, இல்ல இன்னும் கொஞ்சம் கீழ வெட்டவா? சொல்லுலே. அளவு சொல்லாம எப்படி வெட்டுறது?"

அந்த ஆளு கையெடுத்துக் கும்பிடுறான். கும்பிட்டாலும் விடலை. நான் அன்னைக்குத்தான் கம்பத்துல அவரு கடைக்கு நேர் எதிர்ல தையல் மிஷினை இறக்கியிருக்கேன். அட கெரகமே, கொலைகாரன் வாசல்லயா கடை புடிச்சோம்னு மிஷினை மறுபடி தூக்கப் பாத்தேன். பக்கத்துக் கடை வெத்தலைக்காரர் மட்டும் அசையாம பாக்கு வெட்டிக்கிட்டு இருந்தாரு. "ஒண்ணுமில்ல தம்பி. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சிருக்காக. படத்துல இருந்து தம்பியை எடுத்துருங்கன்னு வந்திருப்பான். இந்த ஆளுகிட்டப் போய்க் கேட்டுப்புட்டான், பாவம்"னாரு.

எங்க பக்கத்துல அப்ப இது ஒரு வழக்கமாவே ஆகிப்போச்சு. போட்டோப் பிடிக்கிறது புதுசு. நாலு காசு புழங்குற குடும்பம்னா எல்லாரையும் நாற்காலி போட்டு உக்கார வச்சு ஒரு படம். அதுக்குத் தேக்குல சட்டம், மேல கண்ணாடி, கூடத்துல நடுச்சுவருல மாட்டணும். மாட்டுன மூணாவது வருசம் சண்டை வந்துரும். வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை, தென்னை மரத்துக்குச் சண்டை, பொண்ணு குடுத்த எடத்துல சண்டை. நிலத்தைப் பிரிப்பாக, அண்டா குண்டாவைப் பிரிப்பாக, கடைசியில சுவத்தைப் பாத்தா படம் ஒண்ணுதான் பிரிக்காம தொங்கும். அதைக் கழட்டித் துண்டுல சுத்திக்கிட்டு வந்துருவாக. இவனை எடு, அவளை எடு, இந்த ஓரத்தைக் கத்திரிச்சுட்டு சின்னச் சட்டமாப் போடுன்னு.

அல்லிநகரத்துல ஒருத்தர் சொன்னபடி வெட்டிக் குடுப்பாரு. சலாம் போட்டு வெட்டிக் குடுப்பாரு. எங்க ஆளு மாட்டாரு. மாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சாப் பரவாயில்லையே, அடிச்சுல்ல அனுப்புவாரு! சட்டத்துக்கு இழைச்சு வச்ச ரீப்பர் கட்டை கடைபூராக் கிடக்கும். எது கைக்கு வருதோ அது முதுகுல விழும். கிழவன், குமரன், பணக்காரன்னு பாக்குறதே கிடையாது.

பேரு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். படக்கடைக்காரர்னே இருக்கட்டும், ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. குட்டையான ஆளு, கழுத்தே கிடையாது. கண்ணு எப்பவும் செவந்தே கிடக்கும். சாராயம்னு சொல்லுவாக, அது பொய். மருந்துத் தண்ணி ஆவி. படம் பிடிக்கிறதும் அவரே, காகிதத்துல ஏத்துறதும் அவரே, சட்டம் போடுறதும் அவரே. ஒத்தை ஆளு. கூடச் சேந்து வேலை பாக்க வந்தவன் எவனும் ஒரு வாரம் தாங்கலை.

நானும் வாங்கியிருக்கேன். இந்தா, புருவத்துக்கு மேல இருக்கே தழும்பு, இது அவரு குடுத்த பிரசாதம்தான். அவரு கடையில ஒரு படத்துக் கண்ணாடியில தூசி இருக்கேன்னு நல்ல மனசுல எச்சியைத் துப்பி வேட்டி முனையால தொடைச்சேன். அம்புட்டுத்தான் தெரியும். கண்ணு முழிச்சுப் பாத்தா வெத்தலைக்காரர் என் நெத்தியில சுண்ணாம்பு அப்பிக்கிட்டு இருக்காரு. ஆறு மாசம் பேசலை நான். அவருக்கு அதுகூடத் தெரியலை, போங்க. "ஏலே டெய்லரு, ஏன் உர்ருன்னு இருக்க?"ன்னு கேட்டுச் சுக்காப்பி வாங்கிக் குடுத்தாரு. வாங்கிக் குடிச்சேன், என்ன செய்யச் சொல்றீக?

சாமி படம் எழுதுற ஒரு சித்திரக்காரர் கூடலூர்ல இருந்து வருவாரு. மயில்மேல முருகனை எழுதிக்கிட்டு வந்தாரு ஒருதரம். வந்தவரு சும்மா இல்லாம, ஏற்கனவே ஒரு பழைய சட்டத்தை எங்கயோ வாங்கி அதையும் தூக்கிட்டு வந்துட்டாரு. படம் பெரிசு, சட்டம் சிறுசு. "தோகையில கொஞ்சம் நறுக்கிட்டா உள்ள உக்காந்துரும் அண்ணே"ன்னாரு. பளார்! நான் ஊசியைக் கையில குத்திக்கிட்டேன், அந்தச் சத்தத்துக்கு. சித்திரக்காரர் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு, "ஏண்ணே, நான் எழுதுன மயிலுதானே, நான் வெட்டக்கூடாதா?"ன்னு அழுகுறாரு. "எழுதுற வரைக்கும்தாண்டா உன் மயிலு. எழுதி முடிச்சுட்டா அதுக்கும் உசிரு இருக்கு. போய் உக்காரு"ன்னு சொல்லி, அந்தப் பழைய சட்டத்தை முழங்கால்ல வச்சு ரெண்டா முறிச்சு அடுப்புல போட்டுட்டு, புதுச்சட்டம் அவரே போட்டுக் குடுத்தாரு. அந்த முருகன் இன்னைக்கும் எங்கயோ முழுத்தோகையோட இருப்பாரு. சித்திரக்காரர் காதுலதான் கடைசிவரைக்கும் ங்ஙொய்னு ஒரு இரைச்சல்.

ஏன் இப்படி ஒரு வெறின்னு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. இவரையே இவுக வீட்டுப் படத்துல இருந்து யாரோ வெட்டிட்டாகன்னு ஒரு பேச்சு. மெய்யோ பொய்யோ. நேர்ல கேக்கப் போனவன் ஒருத்தனுக்கு முன்பல்லு போச்சு. அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறா?

இப்ப நான் சொல்ல வந்தது சுருளிப்பட்டிக்காரர் கதை.

அவுக பெரிய சம்சாரி. ஆத்தோரமா நெல்லு, வாழைன்னு கண்ணுக்கெட்டுன மட்டும். மகன் ரெண்டு, மக ஒண்ணு. அந்தப் புள்ள சமைஞ்சப்ப வீட்டுக்கே நம்ம படக்கடைக்காரரை வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போய் எல்லாரும் உக்காந்து படம் எடுத்தாக. அந்தப் புள்ளைக்கு ரவிக்கை தைச்சது நான்தான். அளவுக்குப் பழைய ரவிக்கை வரும், புதுசு போகும். முகத்தை நான் பாத்ததே கிடையாது. யாருமே பாத்தது கிடையாது, சமைஞ்சபிறகு அந்த வீட்டுப் படியை விட்டு இறங்க விட்டாத்தானே!

அப்பேர்ப்பட்ட புள்ள ஒருநாள் ஓடிப்போச்சு. மலைத் தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏத்திப் போற வண்டிக்காரப் பையனோட. பையன் வேற சாதி. கேக்கணுமா? ஊரே தீப்பிடிச்ச மாதிரி ஆகிப்போச்சு.

சுருளிப்பட்டிக்காரர் படத்தைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாக. கூடவே அருவாளோட ரெண்டு ஆளு. நான் மிஷினை மிதிக்கிறதை நிப்பாட்டிட்டேன்.

"யோவ் படக்காரரே. இந்தக் கழுதையை இதுல இருந்து எடுத்துரு."

"எடுக்கமாட்டேன்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுமே. படத்துல நடுவுல உக்காந்திருக்கீகளே."

அவுக படத்தை மேசைமேல டம்முன்னு வச்சாக. கண்ணாடி ஓரம் கீறிருச்சு. அவ்வளவுதான், படக்கடைக்காரர் ரெண்டு கையையும் அவுக நெஞ்சுல வச்சு ஒரே தள்ளு. தலைப்பாகை ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம், நடுரோட்டுல. சந்தைக்கூட்டம் பூராப் பாக்குது. அருவாக்காரப் பயலுக முன்னால வந்தானுக. இவரு ரீப்பரை ஓங்கிக்கிட்டு வாசல்ல நின்னாரு. "வாங்கலே! மூணு பேரையும் அளவெடுத்துச் சட்டம் போட்டுத் தாரேன், வாங்க!" என்ன நினைச்சாகளோ, சுருளிப்பட்டிக்காரர் எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டு, படத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாக.

வீட்டுக்குப் போய் அவுகளே சட்டத்தைப் பேத்து, ஆணியால மக முகத்தைச் சுரண்டி எடுத்துட்டாகன்னு அடுத்தநாள் சேதி வந்துச்சு. நான்தான் இவருகிட்டச் சொன்னேன். முன்னால சாத்தி வச்சிருந்த புதுக்கண்ணாடியில கையை மடக்கி ஒரே குத்து. ரத்தம் சொட்டச் சொட்ட உள்ள போயிட்டாரு.

ஆவேசத்துல செய்யிற காரியத்துக்கெல்லாம் பின்னால விலை இருக்குங்க. ரெண்டு மாசம் கழிச்சு, புள்ள குமுளிக்கு மேல ஏதோ ஒரு ஏலத்தோட்டத்துல இருக்கான்னு தகவல் வந்துருச்சு. எந்தத் தோட்டம்னு தெரியலை. சுருளிப்பட்டிக்காரர் வெளியூர்ல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாக, வெட்டுறதுக்குன்னே போற ஆளுக. உள்ளூர்க்காரன்னா வண்டிக்காரப் பையன் தூரத்துலயே அடையாளம் கண்டுக்குவான்ல. ஆனா இவனுக அந்தப் புள்ளையைப் பாத்ததே இல்லை. நூத்துக்கணக்கான பொம்பளைக ஏலக்காய் கிள்ளுற எடத்துல எவளைன்னு கண்டுபிடிக்கிறது? முகத்தைக் காட்ட வீட்டுல இருந்த ஒரே படத்தையும் அப்பன்காரரே சுரண்டி வச்சிருக்காரு.

அப்பத்தான் அவுகளுக்கு ஞாபகம் வந்திருக்கு. படம் எடுத்த கண்ணாடித் தட்டு கடையில இருக்குமே. அதுல இருந்து எத்தனை தடவை வேணும்னாலும் காகிதத்துல ஏத்தலாமே.

வந்தாக. இந்தத் தடவை அதட்டல் உருட்டல் இல்லை.

"தட்டு இருக்கா?"

"இருக்கு."

"அவ முகம் மட்டும் வேணும். ரெண்டு படம். இன்னைக்கே."

எதுக்குன்னு இவரு கேக்கலை. கேக்க என்ன இருக்கு, அந்த ரெண்டு பேரும் வாசல்லயே பீடி குடிச்சுக்கிட்டு நிக்கிறானுக, இடுப்புல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரியுது. இன்னைக்கு இங்க ஒரு தலை உருளப்போகுதுன்னு நான் கத்திரிக்கோலைக் கையில எடுத்துக்கிட்டேன்.

"சரி. வெயில் ஏறட்டும்"னாரு படக்கடைக்காரர்.

என் காதையே நான் நம்பலை. சரியாம்! மயிலுத் தோகைக்குக் கன்னத்துல அடிச்ச மனுசன், ஒரு பச்சப்புள்ள கழுத்துக்குச் சரிங்கிறாரு! உள்ள போனாரு. கறுப்புக் காகிதத்துல ஓட்டை போட்டு, அப்பன், ஆத்தா, அண்ணன் தம்பி எல்லாரையும் மறைச்சு, அந்தப் புள்ள முகம் மட்டும் தெரியிற மாதிரி தட்டுமேல ஒட்டுனாரு. அதுக்குக் கீழ மருந்துக் காகிதத்தை வச்சுச் சட்டத்துல இறுக்கி, கடைவாசல்ல வெயில்ல சாத்தி வச்சாரு. அப்பல்லாம் சூரியன்தான் படம் ஏத்துறது. வெயிலு படப்பட காகிதத்துல உருவம் தானா எழும்பி வரும்.

எனக்குப் பொறுக்கலை. ரோட்டைத் தாண்டிப்போய் அவரு சட்டையைக் கொத்தாப் புடிச்சேன். "நீயெல்லாம் மனுசனாய்யா? அந்தப் புள்ளையைக் கண்டந்துண்டமா வெட்டப்போறானுக. நீ அடையாளம் காட்டிக் குடுக்குறியே, தூ!" முழங்கையால என் நெஞ்சுல ஒரு இடி. சாக்கடைக்குப் பக்கத்துல மல்லாக்க விழுந்தேன். "போய் மிஷினை மிதி"ன்னாரு. சுருளிப்பட்டிக்காரர் அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. அவுகளுக்கு அதுல ஒரு நிம்மதி வந்தது முகத்துலயே தெரிஞ்சுச்சு.

படம் ரெண்டும் வந்துச்சு. கடைக்குள்ள இருட்டுல வச்சுக் காட்டுனாரு. முகம் காலணாக் காசு அளவுதான், ஆனா தெளிவா இருந்துச்சாம்.

"ஏன்யா செவப்பா இருக்கு?"

"ஈரம் காயலை. காயக் காயக் கறுத்துரும். வழியில பிரிச்சுப் பாக்காதீக, தூசி ஒட்டிரும். மலைமேல போய்ப் பிரிங்க."

கறுப்புக் காகிதத்துல மடிச்சு ஆளுக்கு ஒண்ணா அந்தப் பயலுக கையில குடுத்தாரு. சுருளிப்பட்டிக்காரர் ஒருதரம் மக முகத்தைப் பாத்துட்டு, சட்டுன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாக. பஸ்ஸேறிப் போயிட்டானுக.

அவுக தலை மறைஞ்சதும் பின்பக்கம் சுத்தியல் சத்தம். கண்ணாடி நொறுங்குற சத்தம். ஒருதரம் இல்லை, மாவா ஆகுற வரைக்கும். அப்புறம் வந்து என் கடை முன்னால நின்னாரு. நான் நிமிந்து பாக்கலை.

"ஏலே டெய்லரு. வெயில்ல ஏத்துன படத்தை மருந்துத் தண்ணியில ஊறப்போடணும். அப்பத்தான் நிக்கும். போடலேன்னா, மறுபடி எப்ப வெயிலு படுதோ அப்ப மொத்தமாக் கறுத்துரும்."

"போட்டீகளா?"

"மறந்துட்டேன்லே."

எனக்குப் புரியிறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் எந்திரிச்சு ஓடிப்போய் அவரு காலைப் புடிச்சேன். அதுக்கும் ஒரு உதை வாங்குனேன்னு வச்சுக்கங்க.

மலையில நடந்தது, போன ரெண்டு பேர்ல ஒருத்தன் பின்னால சாராயத்துல உளறி வெளிய வந்துச்சு. ஏலத்தோட்டத்துக் கங்காணிகிட்ட, நல்ல உச்சி வெயில்ல நின்னு படத்தைப் பிரிச்சுக் காட்டியிருக்கான். கங்காணி கண்ணைச் சுருக்கிப் பாக்குறான். பாக்கப் பாக்கவே முகம் மங்கி, பழுத்து, கறுத்துப் போயிருச்சு. ரெண்டாவது ஆளு தன்னதைப் பிரிச்சான். அதுவும் அவன் கையிலயே கரியாப் போச்சு. கங்காணி "எண்ட அம்மே"ன்னு ஓடிட்டானாம். இவனுகளுக்கும் கையும் ஓடலை காலும் ஓடலை. காளி குறுக்க நிக்கிறான்னு படத்தை வீசிட்டு, சாயங்காலத்துக்குள்ள மலையிறங்கிட்டானுக. சேதி தோட்டம் தோட்டமாப் பரவி, அந்தப் புள்ளையும் பையனும் கோட்டயம் பக்கமோ எங்கயோ இன்னும் தள்ளிப் போயிட்டாக.

அவனுக மலையிறங்குன மறுநாள் சுருளிப்பட்டிக்காரர் பட்டப்பகல்ல தனியா வந்தாக. அருவா கையிலயே இருந்துச்சு.

"தட்டை எடு."

இவரு ஒரு தகர டப்பாவை எடுத்து மேசையில கவுத்தாரு. கண்ணாடித் தூளு. "இந்தாங்க. அள்ளிக்கங்க."

வீசுனாக பாருங்க ஒரு வீச்சு. கழுத்துக்குத்தான் வந்துச்சு. கையைக் குடுத்துட்டாரு. வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் துண்டா விழுந்து மேசைமேல துடிச்சதை நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். சுவருல மாட்டியிருந்த லட்சுமி, சரஸ்வதி அத்தனைமேலயும் ரத்தம். இவரு இடது கையால தேக்குச் சட்டத்தை எடுத்து அவுக முழங்கால்ல இறக்குனாரு. எலும்பு முறியிற சத்தம் ரோடுவரைக்கும் கேட்டுச்சு. விழுந்தபிறகும் அவுகளை விடலை. வெத்தலைக்காரரும் நானும் இன்னும் நாலு பேரும் சேந்து இழுக்கலேன்னா கொன்னே போட்டிருப்பாரு. பொய் சொல்லலை, அந்த நேரத்துல எனக்கு அவரை இழுக்க மனசே இல்லை.

போலீசு கேசு ஆகலை. கேசுன்னு போனா கோர்ட்டுல மக கதையைச் சொல்லணுமே. சுருளிப்பட்டிக்காரர் கடைசிவரைக்கும் கட்டிலோட கட்டிலாக் கிடந்தாக.

அதுக்குப்பிறகு ஒரு சந்தைநாள், முக்காடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா கடை முன்னால வந்து நின்னாக. அந்தப் புள்ளையைப் பெத்தவுக. இவரு கட்டுப்போட்ட கையோட இடது கையில ஆணி அடிச்சுப் பழகிக்கிட்டு இருந்தாரு.

"படக்காரரே, எம் மக படம் ஒண்ணு வேணும். வெளிய காட்டமாட்டேன். நெல்லுக் குதிருக்குள்ள வச்சுக்கிறேன்."

"தட்டை உடைச்சுட்டேன் தாயி."

"ஒரு துண்டுகூடவா இல்ல? மூஞ்சி இருக்குற துண்டு?"

"இல்ல."

அந்தம்மா கீழ கிடந்த ரீப்பரை எடுத்தாக. அடிச்சாக. முதுகுல, தோள்ல, கட்டுப்போட்ட கைமேலயே. "பாவி, எம் புள்ளையை அந்தாளு வீட்டுல அழிச்சாரு, நீ இங்கன அழிச்சியா? உசிரைக் காப்பாத்துன, தெரியும்டா. நல்லாத் தெரியும். நாளைக்கு அவ முகம் எனக்கு மறந்துபோச்சுன்னா நான் எங்கனடா போய்ப் பாப்பேன்?" கட்டுல இருந்து ரத்தம் கசிஞ்சு வழியுது. அந்த மனுசன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கட்டை முறியிற வரைக்கும் நின்னு வாங்குனாரு. எனக்கு அழுகையா வந்துருச்சு.

அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கி ஓஞ்சப்ப இவரு சொன்னாரு: "நான் அந்தத் தட்டைக் கழுவுனவன். ஒவ்வொரு மயிரும் தெரியும். மறந்தா வா. நான் சொல்றேன்."

வந்தாக. சந்தைநாள் தவறாம வந்தாக. சாமி படம் பாக்குற மாதிரி நிப்பாக. இவரு ஆணி அடிச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம சொல்லுவாரு. "நெத்தி அகலம். இடது கன்னத்துல மச்சம்." அந்தம்மா சீறுவாக: "வலதுலடா, கண்ணவிஞ்ச பயலே! காதுக்குக் கிட்ட!" அடுத்த வாரம் இன்னொண்ணு தப்பாச் சொல்லுவாரு. திட்டு வாங்குவாரு. எனக்கே பொறுக்காம ஒருநாள் கேட்டுட்டேன். "ஏண்ணே, படம் பிடிச்ச ஆளு நீங்க. இம்புட்டுத் தப்பாவா சொல்லுவாக?"

உளி பறந்து வந்து என் மிஷின் பலகையில குத்தி நின்னுச்சு. "நான் சரியாச் சொல்லிட்டா அவ எதுக்குலே நினைச்சுப் பாக்கப் போறா? முட்டாப்பயலே!"

அதுக்கடுத்த சந்தைக்கு அந்தம்மா வந்து நின்னாக. இவரு, "கண்ணு ரெண்டும் பெரிசு, இம்மாம் பெரிசு"ன்னாரு.

"பெரிசா? எவன்டா சொன்னான்? சின்னக் கண்ணுடா அவளுக்கு. சிரிச்சா இருக்குற எடமே தெரியாது. அப்படியே அவ அப்பன் கண்ணு."

சொல்லிட்டு அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டாக. இவரு ஆணி அடிக்கிறதை நிப்பாட்டிட்டாரு. நானும் மிஷினை நிப்பாட்டிட்டேன். அந்தம்மா முந்தானையால மூக்கைச் சிந்திட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "ம். மூக்கைச் சொல்லு"ன்னாக.